முட்டி உடைந்து ஜவ்வும் போனால்: துளை வழியா, திறந்தா?

பாலக்கோடு தக்காளி மண்டியில் கமிஷன் கடை வைத்திருக்கும் குடும்பம். இளைய மகனுக்கு 34 வயது. விடிகாலையில் மண்டிக்குப் போகும்போது பைக்கோடு சாய்ந்ததில் இடது முட்டி உடைந்துவிட்டது. மூன்றாம் நாள் அவருடைய அண்ணன் சிடி ஸ்கேன் கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"சார், பெங்களூர்ல ரெண்டு ஓட்டை போட்டு கேமரா விட்டு முடிச்சிடலாங்கறாங்க. இங்க தர்மபுரியில ஒரு ஜாணுக்குத் திறந்து பிளேட் வெக்கணுங்கறாங்க. ரெண்டு பேருமே பெரிய டாக்டருங்கதான். நாங்க எதைப் பிடிச்சுக்கறது?"

நான் அறுவை சிகிச்சை செய்பவன் அல்ல. 16 வருடமாகத் தர்மபுரியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். கத்தி வேலை முடிந்து தையல் பிரித்த பிறகு அந்த முட்டியை மடக்க வைப்பதும் நிற்க வைப்பதும் என் வேலை. துளை வழியாகச் செய்த காலும் திறந்து செய்த காலும் ஒரே மேசையில்தான் என் முன்னால் நீள்கின்றன. எது எப்படி ஆறியது, எது ஏன் ஆறவில்லை என்று மாதக்கணக்கில் தொட்டுப் பார்க்கும் இடத்தில் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: காயத்தின் நீளத்தை வைத்து இந்த முடிவை எடுக்காதீர்கள். எலும்பின் மேல்தளம் சமமாக வேண்டும். பிய்ந்த ஜவ்வு அதன் இடத்தில் உட்கார வேண்டும். இரண்டும் உறுதியாக நின்று, சில நாட்களிலேயே முட்டியை மடக்க விட வேண்டும். இதை எந்த வழி தருகிறதோ அதுதான் அந்தக் காலுக்கான வழி. சில முறிவுகளுக்கு அது துளை. சிலவற்றுக்குத் திறப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

"முட்டி உடைஞ்சிருச்சு" என்று பொதுவாகச் சொல்கிறோம். பெரும்பாலும் அதில் உடைந்திருப்பது கீழ்க்கால் எலும்பின் தலைப்பகுதி. அகலமாக, மேலே தட்டையாக இருப்பதால் டாக்டர்கள் அதை டிபியல் பிளாட்டோ என்பார்கள். பிளாட்டோ என்றால் பீடபூமி. தர்மபுரி, கிருஷ்ணகிரி அடங்கிய இந்தப் பாராமகால் மேட்டில் வாழும் நமக்கு அந்தப் பெயர் சுலபமாகவே பிடிபடும். தொடை எலும்பின் இரண்டு குமிழ்கள் அந்த மேட்டின் மேல் உட்கார்ந்து உருள்கின்றன. விழும்போது அந்தக் குமிழ் சுத்தியல் மாதிரி இறங்கி மேட்டை ஒருபக்கம் பிளக்கிறது, அல்லது பள்ளமாக அமுக்குகிறது. பல சமயம் இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

அடுத்தது ஜவ்வு. இந்தச் சொல்லால் வருகிற குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. எலும்பையும் எலும்பையும் கட்டிவைக்கும் கயிறு போன்ற லிகமென்டையும் ஜவ்வு என்கிறோம். இரண்டு எலும்புக்கும் நடுவே வாஷர் போல உட்கார்ந்திருக்கும் மெனிஸ்கஸையும் ஜவ்வு என்கிறோம். லிகமென்ட் முக்கியமாக நான்கு: நடுவில் குறுக்கே போகும் ஏசிஎல், பிசிஎல், உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. மெனிஸ்கஸ் இரண்டு. "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்று யாராவது சொன்னால் எந்த ஜவ்வு, எங்கே கிழிந்தது, நடுவில் அறுந்ததா, எலும்போடு பெயர்ந்ததா என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். முடிவின் பாதி அந்தப் பதிலில் இருக்கிறது.

இந்த முறிவில் ஜவ்வு தப்பிப்பது அபூர்வம். அறுவைக்கு வந்த 103 பிளாட்டோ முறிவுக்காரர்களுக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2005இல் வெளியானது. ஜவ்வு, மெனிஸ்கஸ் எதிலும் கோளாறே இல்லாதவர் அதில் ஒரே ஒருவர்தான். ஏதாவது ஒரு லிகமென்டாவது முழுதாக அறுந்தோ பெயர்ந்தோ இருந்தவர்கள் 79 பேர். அத்தனையையும் அறுவை செய்து சரிசெய்ய வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். உள்பக்க லிகமென்ட் பெரும்பாலும் பிரேஸ் போட்டால் தானே ஆறிவிடும். நடுவில் அறுந்த ஏசிஎல்லைப் பல டாக்டர்கள் எலும்பு கூடும்வரை விட்டுவைத்து, பிறகு முட்டி வழுக்குகிறதா என்று பார்த்துத்தான் கை வைப்பார்கள். ஆனால் எலும்புத் துண்டோடு பெயர்ந்த ஜவ்வும், முட்டியின் வெளிப்பக்கத்துப் பின்மூலையில் அறுந்த ஜவ்வும் காத்திருக்காது. இரண்டு மூன்று வாரத்துக்குள் கவனிக்க வேண்டியவை அவை.

எந்த முறிவுக்கு எந்த வழி

கனடாவின் டாக்டர் ஷாட்ஸ்கர் 1979இல் வகுத்த ஆறு வகைகளைத்தான் இன்றும் நம் ஊர் எலும்பு டாக்டர்கள் ரிப்போர்ட்டில் எழுதுகிறார்கள். "டைப் டூ", "டைப் சிக்ஸ்" என்று காதில் விழுந்தால் அது இதுதான்.

முதல் வகையில் வெளிப்பக்கம் ஓர் ஆப்பு மாதிரி பிளந்திருக்கும், மேல்தளம் அமுங்கியிருக்காது. துண்டு அதிகம் விலகவில்லை, மெனிஸ்கஸ் அதற்குள் சிக்கவில்லை என்றால் அறுவை மேசையிலேயே படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயைப் பார்த்தபடியே தோலில் சின்னதாகக் கீறி இரண்டு மூன்று ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிடலாம். இதைத் திறக்க வேண்டிய தேவை குறைவு. மூன்றாம் வகையில் விளிம்பு முழுசாக இருக்க, நடுவில் மட்டும் குழி விழுந்திருக்கும். கேமராவால் மேலிருந்து பார்த்துக்கொண்டே, கீழே எலும்பில் சின்ன ஜன்னல் போட்டு, அமுங்கிய இடத்தை அடியிலிருந்து தட்டித் தூக்கலாம். தூக்கிய இடத்தின் அடியில் வெற்றிடம் இருக்கும். அதை இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துகளாலோ, செயற்கை எலும்புப் பொருளாலோ நிரப்பி, குறுக்கே ஸ்க்ரூ வைப்பார்கள். ஆர்த்ராஸ்கோப்பி, அதாவது துளை வழியாக மூட்டுக்குள் கேமரா விட்டுச் செய்யும் முறை, நன்றாகக் கைகொடுக்கும் இடம் இது.

சண்டை வருவது இரண்டாம் வகையில்தான். பிளவும் உண்டு, குழியும் உண்டு. நம் மண்டிக்காரர் தம்பிக்கும் அதுதான். சிடி படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். வெளிப்பக்கத் துண்டு புத்தகத்தின் அட்டை போலத் திறந்திருந்தது. உள்ளே மேல்தளம் 7 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. பொதுவாக 2 மில்லிமீட்டருக்குள் சமமாக்க வேண்டும் என்று டாக்டர்கள் பார்க்கிறார்கள். எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் வெளி மெனிஸ்கஸ் அதன் ஓரத்திலிருந்து பிரிந்திருக்கிறது, உள்பக்க லிகமென்ட் பாதி கிழிந்திருக்கிறது என்று இருந்தது.

திறந்து செய்தால் என்ன ஆகும்? முட்டியின் வெளிப்பக்கம் வெட்டி, மெனிஸ்கஸுக்கு அடியில் மூட்டைத் திறந்து, அதை நூல் போட்டு மேலே தூக்கிப் பிடித்துக்கொள்வார்கள். உடைந்த தளம் கண்ணுக்கு நேராகத் தெரியும். குழியைத் தூக்கி, எலும்புத் துகள் நிரப்பி, பிளேட் வைத்து, அப்புறம் தூக்கிப் பிடித்த அதே நூலாலேயே பிரிந்த மெனிஸ்கஸை ஓரத்தில் தைத்துவிடலாம். எலும்பு வேலையும் ஜவ்வு வேலையும் ஒரே வாசலில் முடிகின்றன. இதற்கான விலை, பெரிய தழும்பு, அதிக ரத்தம், தோலுக்கு அதிக அலைச்சல், முதல் இரண்டு வாரம் கூடுதல் வலி.

கேமரா வழியில் மூட்டை வெட்டித் திறக்காமலே உள்ளே எல்லாம் தெரியும், பெரிதாகவும் தெரியும். நடுவில் உள்ள ஏசிஎல்லைக் கொக்கி போட்டு இழுத்தே சோதித்துவிடலாம். மெனிஸ்கஸின் பின்முனை வரை பார்க்கலாம். திறந்த வெட்டிலிருந்து அவ்வளவு தூரம் எட்டிப் பார்க்க முடியாது. வீக்கம் சீக்கிரம் வடிகிறது, முதல் மாதத்தில் முட்டி மடங்குவது எளிதாக இருக்கிறது. என் மேசையில் இந்த வித்தியாசத்தை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

ஆனால் "ரெண்டு ஓட்டை" என்பது முழுக் கணக்கு அல்ல. கேமராவுக்கும் கருவிக்கும் இரண்டு துளை. குழியைத் தூக்க எலும்பில் ஜன்னல் போட ஒரு வெட்டு. பிளேட் வைத்தால் அது நுழைய ஒரு வெட்டு, ஸ்க்ரூவுக்குச் சில கீறல். இடுப்பெலும்பு எடுத்தால் அங்கே ஒன்று. அந்த அண்ணனிடம் சொன்னேன்: "பெங்களூர் டாக்டருக்கு போன் போட்டு, மொத்தம் எத்தனை இடத்துல வெட்டு, பிளேட் உண்டா இல்லையா, மெனிஸ்கஸை எப்படித் தைப்பீங்கன்னு கேளுங்க. அதுக்கப்புறம் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க." கேட்டுவிட்டு வந்தார். அங்கேயும் பிளேட் உண்டாம். அந்த வெட்டே நான்கு விரல் நீளம் வருமாம்.

இன்னொன்று, அதிகம் பேர் சொல்லாதது. ஆர்த்ராஸ்கோப்பி நடக்கும்போது மூட்டுக்குள் உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்கும். எலும்பு பிளந்திருப்பதால் அந்த நீர் பிளவு வழியாகக் கெண்டைக்காலுக்குள் கசியலாம். தசை அறைக்குள் அழுத்தம் ஏறினால் ரத்த ஓட்டம் நின்று தசை சாகும். கம்பார்ட்மென்ட் சின்ட்ரோம் என்பது அதுதான். அதனால் அழுத்தத்தைக் குறைத்து வைத்து, இடையிடையே காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே செய்வார்கள். முறிவு கீழே தண்டெலும்பு வரை ஓடியிருந்தால் பல டாக்டர்கள் கேமராவையே எடுக்க மாட்டார்கள். இதற்காகத் துளை வழியே ஆபத்து என்று நினைத்துவிட வேண்டாம். இந்த முறிவில் அடிக்கடி கேமரா பிடித்துப் பழகிய கை வேண்டும். கிழிந்த ஏசிஎல்லைக் கேமராவில் கட்டுவதில் கெட்டிக்காரராக இருப்பவர் எல்லோரும் முறிவையும் அதே கேமராவில் கட்டிப் பழகியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. எத்தனை முறிவு இப்படிச் செய்திருக்கிறீர்கள் என்று மரியாதையோடு கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தோல் சுருங்கும்வரை

நான்கு, ஐந்து, ஆறாம் வகைகள் வேறு உலகம். நான்கில் உள்பக்கம் உடைகிறது. எக்ஸ்ரேயில் ஒரே கோடாகத் தெரிந்தாலும், முட்டி ஒரு கணம் விலகித் திரும்பி வந்திருக்கக்கூடிய அடி அது. பின்னால் ஓடும் ரத்தக்குழாயும், வெளிப்பக்கம் பாதத்தைத் தூக்கவைக்கும் நரம்பும் அடிபட்டிருக்கலாம். ஐந்திலும் ஆறிலும் இரண்டு பக்கமும் உடைந்திருக்கும். ஆறில் மேட்டுக்கும் தண்டுக்கும் தொடர்பே அறுந்திருக்கும்.

என் தம்பிக்கு ஆறாம் வகை. தொப்பூர் கணவாய் இறக்கத்தில், சேலம் போகிற வழியில். அன்று இரவே பாதத்தில் நாடி பார்த்து, முட்டிக்கு மேலும் கீழும் எலும்பில் கம்பி இறக்கி, வெளியே சட்டத்தில் பூட்டும் வெளிக்கம்பி போட்டு நிறுத்திவிட்டார்கள். அறுவை எப்போது என்று கேட்டால் "தோல் ரெடியாகட்டும்" என்பதுதான் பதில். கால் பானை மாதிரி வீங்கி, தோல் மினுமினுத்து, முன்பக்கம் இரண்டு நீர்க்கொப்புளம் எழும்பியிருந்தது. டாக்டர் தினமும் காலையில் வந்து முட்டிக்குக் கீழே தோலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெல்லக் கிள்ளிப் பார்ப்பார், போய்விடுவார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "தெனம் வந்து கிள்ளிட்டுப் போறாரே, வைத்தியம் எப்பதாண்டா பண்ணுவாரு?" என்று அழுதார். சொந்தக்காரர் ஒருவர், வேறு ஆஸ்பத்திரியில் துளையிலேயே நாளைக்கே செய்துவிடுவார்கள், மாற்றிவிடலாம் என்று போனுக்கு மேல் போன். தொழிலில் இருக்கிற எனக்கே இரண்டு நாள் மனசு ஆடியது. பதினோராம் நாள் காலை, கிள்ளிய இடத்தில் தோல் சின்னச் சின்ன மடிப்பாகச் சுருங்கியது. வீக்கம் வடிந்ததன் அடையாளம் அந்தச் சுருக்கம். மறுநாள் அறுவை நடந்தது: வெளிப்பக்கம் ஒரு வெட்டு, உள்பக்கம் பின்னால் தள்ளி ஒரு வெட்டு, இரண்டு பிளேட்.

திறந்த அறுவைக்குப் பழைய காலத்தில் கெட்ட பெயர் வந்ததே அந்தப் பொறுமை இல்லாததால்தான். வீங்கிய காலில், நடுவில் ஒரே நீள வெட்டாகப் போட்டு, இருபக்கமும் தோலையும் தசையையும் உரித்து பிளேட் வைத்தார்கள். தோல் செத்தது, சீழ் வைத்தது. இப்போது வெளிக்கம்பி, காத்திருப்பு, தனித்தனியாக இரண்டு வெட்டு என்று முறையே மாறிவிட்டது. திறக்கச் சொன்னால் பயந்துவிடாமல், எத்தனாவது நாள், எத்தனை வெட்டு என்று கேளுங்கள். விழுந்த இரண்டாம் நாளே, வீங்கி மினுமினுக்கும் காலைத் திறக்கலாம் என்று சொன்னால்தான் இன்னொரு டாக்டரைப் பார்க்க வேண்டும். (தோலைக் கிழித்து எலும்பு வெளியே தெரிகிற காயம், ரத்தக்குழாய் அடி, கம்பார்ட்மென்ட் இவை வேறு, அவற்றுக்கு அந்த நிமிடமே கத்தி எடுக்க வேண்டும்.)

இதே இருபக்க முறிவுக்குச் சின்ன வெட்டு வழியும் உண்டு: சின்னக் கீறல் வழியாக மூட்டைப் பொருத்தி, வெளியே வளையக் கம்பி மாட்டுவது. கனடாவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 82 பேரை இரண்டு பிரிவாக்கி ஒப்பிட்டு, 2006இல் முடிவைச் சொன்னார்கள். வளையக் கம்பிக்காரர்கள் சராசரியாக 10 நாளில் வீட்டுக்குப் போனார்கள். திறந்து பிளேட் வைத்தவர்களுக்கு 23 நாள் ஆனது. ஆழமான சீழ் போன்ற பெரிய சிக்கல்களும் திறந்த பக்கத்தில்தான் அதிகம். ஆனால் 2 ஆண்டு கழித்து முட்டி மடங்கும் அளவிலும் நடையிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தோல் மோசமாக இருப்பவர், கட்டுக்கடங்காத சர்க்கரை உள்ளவர், பீடி சிகரெட் விடாதவர் இவர்களுக்கு வளையக் கம்பி நியாயமான வழி என்று நினைக்கிறேன். ஆனால் மாதக்கணக்கில் கம்பி தோலைத் துளைத்து நிற்கும். துளைகளைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். பென்னாகரம் பக்கத்து மலைக் கிராமத்தில், குடத்துத் தண்ணீரில் வாழும் வீட்டில் அதை யார் செய்வார்கள் என்பதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும்.

எலும்போடு பெயர்ந்த ஜவ்வு

நம் ஊரில் பைக்கில் விழுபவர்களிடம் அடிக்கடி பார்ப்பது பிசிஎல் பெயர்வு. முட்டி மடங்கிய நிலையில் முழங்காலுக்குக் கீழே தரையில் மோதி, கீழ்க்கால் எலும்பு பின்னால் தள்ளப்படுகிறது. ஜவ்வு அறுவதற்குப் பதில் தான் ஒட்டியிருக்கும் எலும்புத் துண்டைப் பிய்த்துக்கொண்டு கிளம்பிவிடும். எக்ஸ்ரேயை நேராக எடுத்தால் கண்ணுக்குத் தப்பும். பக்கவாட்டுப் படத்தில் முட்டிக்குப் பின்னால் நகக்கண் அளவு துண்டு தெரியும்.

ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் பெண், 27 வயது. விழுந்த அன்று போன இடத்தில் "எலும்பு ஒண்ணும் உடையல, சவ்வுல அடி" என்று கட்டு போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டரை மாதம் கழித்து என்னிடம் வந்தார். "அண்ணா, மாடிப்படி எறங்கினா முட்டி பின்னால போற மாதிரி இருக்குது." படுக்கவைத்து இரண்டு முட்டியையும் மடக்கி நிறுத்திப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வலது கீழ்க்கால் ஒரு விரல் தடிமன் பின்னால் தொங்கியது. பழைய எக்ஸ்ரேயை வாங்கிப் பார்த்தால் துண்டு அதில் தெளிவாக இருந்தது. யாரும் சரியாகப் பார்க்கவில்லை. முதல் மூன்று வாரத்துக்குள் பிடித்திருந்தால் ஒரு ஸ்க்ரூவோடு முடிந்திருக்கக்கூடிய வேலை. அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. முட்டியில் அடிபட்டு வீங்கினால் பக்கவாட்டு எக்ஸ்ரேயை ஒருமுறை இன்னொரு டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.

இந்த முறிவில் திறந்து செய்வதும் துளையில் செய்வதும் ஏறக்குறைய சமம் என்பது என் கருத்து. குப்புறப் படுக்கவைத்து, முட்டிக்குப் பின்னால் உள்பக்கமாகத் திறந்து, தசையை ஒதுக்கிவிட்டு, ஒன்றோ இரண்டோ ஸ்க்ரூ போடுவது 1990 வாக்கிலேயே எளிமையாக்கப்பட்ட வழி. பழகிய எலும்பு டாக்டர் மாவட்டத்திலேயே செய்துவிடலாம். விலை உயர்ந்த கருவி தேவையில்லை. கேமராவில் செய்தால் தழும்பு சின்னது, உள்ளே வேறு ஜவ்வு அடியையும் அப்போதே சரிசெய்யலாம். துண்டு நொறுங்கியிருந்தால் நூலால் கட்டியிழுப்பது ஸ்க்ரூவைவிட நன்றாகப் பிடிக்கும். ஆனால் அது கடினமான வேலை. பெரிய ஒற்றைத் துண்டு, வேறு ஜவ்வு அடி இல்லை என்றால், பக்கத்து ஊரில் திறந்து ஸ்க்ரூ போடுவதை விட்டுவிட்டுத் துளைக்காக 130 கிலோமீட்டர் போக வேண்டியதில்லை.

ஏசிஎல் பெயர்வில் என் ஓட்டு கேமராவுக்குத்தான். சைக்கிளில் விழும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது அதிகம் வரும். துண்டு விலகாமல் இருந்தால் காலை நீட்டிக் கட்டு போட்டாலே கூடிவிடும். நன்றாகத் தூக்கிக்கொண்டிருந்தால், அடியில் மெனிஸ்கஸோ அதை இணைக்கும் பட்டையோ சிக்கியிருக்கலாம்; அதை விலக்காமல் துண்டு உட்காராது. கேமராவில் அதைப் பார்த்து விலக்கி, நூலாலோ ஸ்க்ரூவாலோ இறக்கிவிடலாம்.

புத்தூர் கட்டு பற்றியும் சொல்லியாக வேண்டும், கேட்காத குடும்பமே இல்லை. மூட்டுக்குள் ஓடிய முறிவுக்கு வெளியிலிருந்து எந்தக் கட்டும் குழியைத் தூக்காது. இறுக்கக் கட்டினால் கெண்டைக்காலுக்குள் அழுத்தம் ஏறும். இந்த ஒரு முறிவுக்கு வேண்டாம்.

உட்காரும் அளவு

நாற்காலியில் உட்கார 90 டிகிரி மடங்கினால் போதும். படியேற இன்னும் கொஞ்சம் வேண்டும். குந்தி உட்காரவோ சம்மணம் போடவோ 130க்கு மேல் வேண்டும். வெளிநாட்டு ஆய்வுகளில் 120 டிகிரி வந்துவிட்டால் நல்ல பலன் என்று எழுதிவிடுவார்கள். களத்தில் குந்தி வேலை செய்பவருக்கும், இந்திய முறைக் கழிப்பறை மட்டுமே உள்ள வீட்டுக்கும் 120 பத்தாது. அறுவைக்கு முன்பே டாக்டரிடம் உங்கள் வேலையைச் சொல்லுங்கள்.

இந்த டிகிரியைத் தீர்மானிப்பது வெட்டின் நீளத்தைவிட, முட்டி எத்தனை நாள் அசையாமல் கிடந்தது என்பதுதான் என்று அனுபவத்தில் கண்டிருக்கிறேன். உறுதியாகப் பொருத்திய முட்டியைச் சில நாளிலேயே மடக்கத் தொடங்கலாம். நான்கு வாரத்தில் 90 என்பது நான் வைக்கும் இலக்கு. எடையை ஊன்றுவது மட்டும் தாமதம்: 6 முதல் 12 வாரம் வரை வாக்கர்தான். துளையில் செய்தால் சீக்கிரம் நடக்கலாம் என்பது தவறு. எலும்பு கூடும் நாளைத் தோல் தீர்மானிக்காது. பிசிஎல் பொருத்தியவருக்குக் குப்புறப் படுக்கவைத்து மடக்க வேண்டும்; மல்லாந்து மடக்கினால் கீழ்க்கால் தன் எடையிலேயே பின்னால் தொங்கிப் பொருத்திய இடத்தை இழுக்கும். இதைத் தெரிந்தவர் கையில் செய்யுங்கள்.

அதனால்தான் எங்கே செய்வது என்பதும் இந்த ஒப்பீட்டின் ஒரு பகுதி. பெங்களூரில் செய்துகொண்டு வாரம் இருமுறை மடக்க அங்கே போக முடியாதவர், இங்கே யாரிடமும் வராமல் விட்டுவிடுகிறார். மூன்று மாதம் கழித்து 60 டிகிரியில் உறைந்த முட்டியோடு வருகிறார். வெளியூரில் செய்தாலும் அறுவைக் குறிப்பைக் கையோடு வாங்கிவந்து, உள்ளூரில் ஒருவரிடம் மறுவாரமே தொடங்கிவிடுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கும். தர்மபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிருஷ்ணகிரிக்கு 2022 ஜனவரியில் வந்தது. மாநில எல்லை தாண்டுமுன் அட்டை அங்கே செல்லுமா என்று கேட்டுவிட்டு வண்டி ஏறுங்கள். ஒன்றுக்கு மட்டும் எதையும் ஒப்பிட்டுக்கொண்டு நிற்காதீர்கள்: மாத்திரைக்கும் ஊசிக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனால், கெண்டைக்கால் கல்லாக இறுகினால், கால் விரலை மேலே மடக்கினால் உயிர் போகிற வலி என்றால், பாதம் சில்லிட்டால், உடனே 108. நாடி தெரிகிறதே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. கம்பார்ட்மென்டில் நாடி கடைசி வரை இருக்கும்.

மண்டிக்காரர் தம்பிக்கு ஒன்பதாம் நாள் தர்மபுரியிலேயே திறந்து செய்தார்கள். மெனிஸ்கஸ் பிரிந்தது வெளி ஓரத்தில். அந்த வெட்டிலேயே தைத்தாயிற்று. பெங்களூரிலும் பிளேட்டும் வெட்டும் உண்டு என்று தெரிந்த பிறகு, வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் என்னிடம் வர முடியும் என்பதே அவர்கள் முடிவை நகர்த்தியது. ஏசிஎல்லும் கிழிந்திருந்தாலோ, குழி மட்டும் நடுவில் விழுந்திருந்தாலோ நானே அவரைக் கேமரா பழகிய டாக்டரிடம் போகச் சொல்லியிருப்பேன்.

போன வாரம் வந்தார், அறுவை முடிந்து ஐந்து மாதம். வெளிப்பக்கம் தழும்பு ஒரு ஜாண் இருக்கிறது, நிறம் இன்னும் கறுத்தே கிடக்கிறது. மடங்கும் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரை வைத்துப் பார்த்தேன்: 126 டிகிரி. "பெட்டிக்கு முன்னால குந்தி ஒக்காந்து காயைப் பொறுக்கணும் சார். எப்ப முடியும்?" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கச் சொன்னேன். தொடை பாதி வழி வந்தது, இடது குதிகால் தரையை விட்டு எழுந்தது, பல்லைக் கடித்தார். ஒரு செங்கல்லைக் குதிகாலுக்கு அடியில் வைத்தேன். இன்னும் கொஞ்சம் இறங்கினார்.